கேட்டது ஒரு வாக்கியம்

நான் அங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கத்துக்குப் போகிறேன் என்ற கதை எங்கள் மலையகத் தோட்டமான டயகமயில் பரவியபோது, அதிகம் குழம்பிப்போனவர்கள் எங்கள் இந்து அயலவர்கள்தான். "டீச்சர், ரெண்டும் வேதக்கோயில்தானே? சாமியும் அதே சாமி, பைபிளும் அதே பைபிள். அப்புறம் என்னாத்த மாத்துறீங்க?" என்று மேல் லயத்து அக்கா கேட்டார். ஆயுசு முழுக்கக் கொழுந்தெடுத்தவர். நிறுவையில் கால் கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கேள்வியையும் சரியான இடத்தில்தான் வைத்தார்.

பைபிள் அதே பைபிள் இல்லை என்பதை மட்டும் உடனே சொல்ல முடிந்தது. எங்கள் வீட்டில் இருந்ததில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கருடையதில் 73. தோபித்து, யூதித்து, சீராக், மக்கபேயர் என்று ஏழு கூடுதல். "ஏழு புத்தகத்துக்காகவா இந்தப் பாடு?" என்று சிரித்தார். யோசித்துப் பார்த்தால், பாதி உண்மை அதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலையகத்தில் ஆட்கள் நடக்கிற பாதை இதுவல்ல. நான் கண்டவரை, இந்துவோ கத்தோலிக்கரோ மெதடிஸ்தரோ, மாறுகிறவர்கள் பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபைகளுக்கே போகிறார்கள். லயத்துக் காம்பரா ஒன்றில் நாலு பிளாஸ்டிக் கதிரையும் ஒரு ஸ்பீக்கரும் வைத்தால் சபை தொடங்கிவிடுகிறது. நோயாளி இருக்கிற வீட்டுக்குப் பாஸ்டர் அன்றைக்கே வருகிறார். கத்தோலிக்கக் குருவானவர் எங்கள் பக்கத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் பெரிய காரியம். என் தம்பியும் அப்படிச் சபைக்குப் போனவன்தான். அக்கரப்பத்தனைப் பக்கம் ஆற்றில் அவனை முக்கி எடுத்தார்கள். குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் கணக்கில் இல்லை என்பது அவர்களுடைய கட்சி.

என்னை யாரும் நனைக்கவில்லை. வெளியில் நின்று பார்க்கிறவர்களுக்கு விளங்காத இடம் இது. கத்தோலிக்கச் சட்டப்படி ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரே தடவைதான். தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால் கொடுத்திருந்தால் போதும், கொடுத்தவர் எந்தச் சபை என்று பார்ப்பதில்லை. உயிர் போகிற அவசரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தோட்டத்து மருத்துவிச்சி இந்துவாக இருந்தாலும், திருச்சபை செய்கிறதைச் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு கொடுத்தால் செல்லும். ஆகவே அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை ஞானஸ்நானங்கள் செல்லும். இயேசுவின் நாமத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கும் சில பெந்தெகொஸ்தே சபைகளுடையது செல்லாது. முன்பெல்லாம் இவ்வளவு தாராளம் இருக்கவில்லை. "இதுவரை பெறாதிருந்தால்" என்று நிபந்தனை போட்டு மறுபடி ஊற்றுவது சாதாரண வழக்கம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே அது.

ஆனால் பெற்றதற்கு அத்தாட்சி வேண்டும். கடதாசி என்றாலே எங்கள் சனத்துக்கு வயிற்றைக் கலக்கும். 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு ஆட்களைத் தலைக்கணக்கில் பங்குபோட்டார்கள். பிறப்பு அத்தாட்சி இல்லாமலும், இருந்த அத்தாட்சியில் பெயர் பிழைத்தும் அலைந்த குடும்பங்கள் இல்லாத தோட்டம் இல்லை. எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் கைகொடுத்தது அங்கிலிக்கன் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் என் பெயர், அப்பா பெயர், தோட்டம், டிவிசன் எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. அதன் பிரதி கேட்டு, எதற்கென்பதையும் சொல்லி, எங்கள் குருவானவர் முன்னால் போய் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேர் இங்கேயும் இருக்கும்மா, அத நான் வெட்டப் போறதில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பதிவேடு தொலைந்துபோன இடங்களில் நம்பத்தக்க ஒரு சாட்சி போதும். வளர்ந்தபின் பெற்றவரென்றால் அவர் சத்தியம் பண்ணினாலே போதும் என்கிறது திருச்சபைச் சட்டம். வேறெந்தக் கந்தோரும் தோட்டத்துச் சனத்தின் வாயை இவ்வளவு இலகுவில் நம்பியதாக எனக்கு நினைவில்லை.

நான் கத்தோலிக்கத்துக்குப் போனதற்குக் காரணம் அம்மாவின் சாவு. நான் கண்டவரை, அப்படிப் போகிறவர்களில் கல்யாணம் கட்டுவதற்காக மாறுகிறவர்கள்தான் அதிகம், எனக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. எங்கள் குருவானவர் நல்லபடியாக அடக்கம் செய்துவைத்தார். அம்மாவின் வாழ்க்கைக்காக நன்றி சொன்னார், துக்கப்படுகிற எங்களுக்காக ஜெபித்தார். அம்மாவுக்காக ஜெபிக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கத்தில் செத்தவருக்காகக் கேட்பதில்லை. தம்பியின் பாஸ்டர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "அம்மா கர்த்தருக்குள்ள போயிட்டாங்க, இனி அவுங்களுக்காகக் கேக்க ஒண்ணுமில்ல."

அன்று பின்னேரம் கீழ் டிவிசன் கத்தோலிக்கப் பெண்கள் செபமாலையோடு வந்தார்கள். சாவு வீடென்றால் அவர்கள் அப்படித்தான் வருவார்கள். வாசலில் நின்று, "டீச்சர், நாங்க சொல்லலாமா?" என்று கேட்டார்கள். மறுநாளும் வந்தார்கள், அடுத்த நாளும் வந்தார்கள். கேட்க ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட வீட்டில், அவர்கள் தாராளமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இளைப்பாற்றி கொடு, வெளிச்சம் கொடு என்று. எனக்கும் கேட்க வேண்டும் போல இருந்தது.

இது சின்ன விஷயமில்லை. மேற்குத் திருச்சபை உடைந்ததே இந்த இடத்தில்தான். செத்தவர்களின் தண்டனையைக் குறைக்கிற சலுகைச் சீட்டு விற்றதை எதிர்த்துத்தான் 1517 இல் லூத்தர் எழுதினார். விற்றது அநியாயம், அதை இன்று எந்தக் கத்தோலிக்கரும் மறுப்பதில்லை. ஆனால் விற்பனையோடு சேர்த்து வேண்டுதலையும் தூக்கி எறிந்தது பிறகு நடந்தது. இறந்தவர்களுக்காக வேண்டுவது நல்லதென்று மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. அது அந்த ஏழில் ஒன்று. எபிரேய பைபிளில் இல்லை என்று லூத்தர் அவற்றைத் தனியே பிரித்துவைத்தார். அங்கிலிக்கன் சபை அவற்றை நல்லொழுக்கத்துக்காக வாசிக்கலாம், கொள்கைக்கு ஆதாரமாக்கக் கூடாது என்றது. கத்தோலிக்கர் 1546 இல் திரெந்து சங்கத்தில், 73 தான் பைபிள் என்று முடிவாக அறிவித்தார்கள். பழைய காலத்திலேயே புனித எரோணிமுஸ் போன்ற பெரிய படிப்பாளிகள் அந்த ஏழைப் பற்றி ஐயப்பட்டதுண்டு. ஆகவே புரட்டஸ்தாந்தர் ஏதோ கத்தரிக்கோலால் வெட்டினார்கள் என்று சில கத்தோலிக்கர் பேசுவது நியாயமில்லை.

எது நியாயம் என்பதை விட, யார் தீர்ப்புச் சொல்வது என்ற கேள்விதான் என்னைப் பிடித்தது. அது அப்பாவிடமிருந்து வந்த வியாதி. அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் ஏதாவது உத்தரவு வாசிக்கப்பட்டால், "இது யார் போட்ட உத்தரவு? அவருக்கு உத்தரவு போட்டது யார்?" என்று கேட்பார். துரை வரைக்கும், கம்பனி வரைக்கும் கேட்டுக்கொண்டே போவார். பாதிரிமாரை அவருக்குப் பிடிக்காது, துரைமாரோடு தேத்தண்ணி குடிக்கிறவர்கள் என்பார். 1972 இல் கண்டியில் சத்யோதய நிறுவனத்தைத் தொடங்கி, தோட்டத்துச் சனத்துக்காகப் பேசிய யேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸை மட்டும் விதிவிலக்காக வைத்திருந்தார்.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. எங்கள் சபை தோட்டத்துக்கு வந்த கதையைப் பாருங்கள். 1854 இல் கோப்பித் தோட்டத் துரைமார் சிலரும் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கமும் சேர்ந்து கண்டிப் பக்கம் ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. துரைமார் பணம் போட்டார்கள், உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா அப்படி வந்த உபதேசியார் ஒருவரிடம் எழுத்துப் படித்து வேதத்துக்கு வந்தவர் என்பது வீட்டில் சொல்கிற கதை. 'கூலி' என்ற சொல்லைப் பின்னாளில் எடுத்துவிட்டார்கள்.

1876 இல் அந்த மிஷனை வைத்தே ஒரு பெரிய சண்டை நடந்தது. முப்பது வயதில் கொழும்புப் பேராயராக வந்த ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன், தோட்டங்களில் நடக்கிற வேலை பேராயரின் கைக்குள் இருக்க வேண்டும் என்றார். மிஷனரிமார் சங்கத்தின் பேச்சைத்தான் கேட்போம் என்றார்கள். அவர் சி.எம்.எஸ். மிஷனரிமாருடைய அனுமதிப் பத்திரங்களையே பறித்துவிட்டார். இங்கிலாந்திலிருந்த அதிபேராயர்மார் தலையிட்டுத்தான் அது அடங்கியது. கோப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அப்பா கேட்ட அதே கேள்விக்காகத்தான் பெரியவர்கள் அடித்துக்கொண்டார்கள்.

தம்பியின் சபையில் இந்தக் கேள்வியே எழாது. "வேதம் சொல்லுதுக்கா" என்பான். வேதம் சொல்வதாக அவனுடைய பாஸ்டர் சொல்வதும், அடுத்த டிவிசன் பாஸ்டர் சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கும். இருவர் கையிலும் அதே புத்தகம். அப்படியானால் தீர்ப்பைச் சொல்வது புத்தகமில்லை, ஆள். எல்லா இடத்திலும் யாரோ ஓர் ஆள் சொல்கிறார். கத்தோலிக்கத்தில் அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, நாற்காலி உண்டு, முன்னால் இருந்தவர்கள் சொன்னதற்கு அவர் கட்டுப்பட்டவர், சொன்னது கடதாசியில் இருக்கும். அப்பாவின் கேள்வியை அவர்களிடம் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு போகலாம். நான் கண்டுபிடித்த வித்தியாசம் இவ்வளவுதான்.

எல்லோரும் நினைப்பது மாதாதான் வித்தியாசம் என்று. தம்பியும், "அக்கா, சிலைக்கா முட்டி போடப் போற?" என்றான். மாதாவை வணங்குவது வேறு, ஆராதிப்பது வேறு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்பது மட்டுமே என்பது கத்தோலிக்கப் போதனை. ஓகஸ்ட் 15 இல் மடு மாதா கோயிலுக்குப் போகிற எல்லோரும் அந்த நுணுக்கத்தோடு போகிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. அம்மாவுக்காக நான் கேட்கலாமென்றால், எனக்காக இன்னொரு அம்மா கேட்கலாம்.

கஷ்டமாக இருந்தது ஒரு வாக்கியம்தான். ஏற்றுக்கொள்ளும் சடங்கில், விசுவாசப் பிரமாணத்தை எல்லோரோடும் சொன்னபிறகு, வருகிறவர் தனியாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கடவுள் வெளிப்படுத்தியதென்று கத்தோலிக்கத் திருச்சபை எவற்றையெல்லாம் நம்பி, கற்பித்து, அறிவிக்கிறதோ அவற்றை நானும் நம்பி ஏற்கிறேன் என்பது அதன் பொருள். இதை இதை நம்புகிறேன் என்று பட்டியல் இல்லை. 'எவற்றையெல்லாம்' என்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெரட்டுக் களத்தில் தலையாட்டிய குடும்பத்தில் பிறந்து, தலையாட்டாத ஒருவருக்கு மகளாக வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் தொண்டையில் நின்றது. "அவசரமில்ல டீச்சர். அம்மாவுக்காக செபிக்கிறதுக்கு நீங்க கத்தோலிக்கராகணும்னுகூட இல்ல" என்றார் பங்குத்தந்தை. வரச்சொல்லி அவர் ஒரு தடவையும் வற்புறுத்தவில்லை. எனக்குப் பாடம் சொல்ல நியமிக்கப்பட்ட உபதேசியார் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன். பாப்பரசர் நினைத்ததையெல்லாம் பிழையற்றதென்று அறிவிக்க முடியாது என்று அவன்தான் எனக்கு விளக்கினான். 1870 இல் அந்தப் போதனை வரையறுக்கப்பட்டபின் அப்படி முறையாக அறிவித்தது 1950 இல், மாதா விண்ணேற்படைந்தார் என்பதை மட்டுமே. அந்த விண்ணேற்பின் திருநாள்தான் மடுத் திருவிழா நாள்.

இந்த வழியில் எனக்கு முன்னால் போனவர்களில் பெரிய ஆள் ஜோன் ஹென்றி நியூமன். ஒக்ஸ்போர்டின் புகழ்பெற்ற அங்கிலிக்கன் பிரசங்கி. ஆதித் திருச்சபையின் சண்டைகளை வருடக்கணக்கில் படித்துப் படித்து, யார் தீர்ப்புச் சொல்வது என்ற இடத்திலேயே வந்து முட்டியவர். 1845 ஒக்டோபரில், மழையில் தெப்பமாக நனைந்து வந்த தொமினிக் பார்பெரி என்ற இத்தாலியக் குருவிடம் முழந்தாளிட்டார். சகோதரி ஒருத்தி அதோடு உறவை விட்டுவிட்டார். 1879 இல் கர்தினால், 2019 இல் புனிதர், 2025 இல் திருச்சபையின் மறைவல்லுநர். நியூமனுக்கு நிபந்தனை ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எனக்கு அது இல்லாமல் போனது காலத்தின் நன்மை.

ஆனால் ஒன்று எனக்கும் வலித்தது. சின்ன வயதில் பேராயர் தலையில் கைவைத்து எனக்குத் திடப்படுத்தல் கொடுத்தார். அம்மா வெள்ளைச் சேலை வாங்கித் தந்த நாள் அது. கத்தோலிக்கக் கணக்கில் அது செல்லாது. ஞானஸ்நானம் யார் கொடுத்தாலும் செல்லும், கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்கிற திடப்படுத்தலுக்கோ முறையான குருத்துவம் வேண்டும். அங்கிலிக்கன் குருத்துவம் செல்லாதென்று 1896 இல் பதின்மூன்றாம் லியோ எழுதிவிட்டார். நியூமனைக் கர்தினாலாக்கியதும், 1886 இல் கண்டியை மறைமாவட்டமாக்கியதும் அதே பாப்பரசர்தான். எனக்குப் பிரதி எழுதித் தந்த அந்த நல்ல மனிதர் குருவே இல்லை என்று சொல்லும் கடதாசி அது. 'எவற்றையெல்லாம்' என்பதில் அதுவும் அடக்கமா என்று கேட்டேன். கடவுள் வெளிப்படுத்தியதென்ற கணக்கில் அது வராது, ஆனாலும் முடிவாக ஏற்க வேண்டியதுதான் என்று பங்குத்தந்தை மழுப்பாமல் சொன்னார். எண்ணெய் பூசிக்கொண்டேன். அந்த இடம் இன்னும் உறுத்துகிறது. அங்கிலிக்கன் சபையில் பெண்கள் குருவாக நிற்கிறார்கள், இங்கே அதற்கு வழியில்லை என்பதும் உறுத்துகிறது.

பாட்டும் போய்விட்டது. வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை அம்மா கொழுந்து மலையில் பாடுவார். பூசையில் பாடுகிற பாட்டுகள் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்காது என்பது என் அபிப்பிராயம். சாஸ்திரியார் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து எதிர்ப்பக்கம் போனவர். எதிரெதிரே நடந்து வழியில் சந்தித்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்கிறேன்.

கத்தோலிக்கச் சொந்தங்கள் சிலர், "தாய்வீட்டுக்குத் திரும்பி வந்துட்டீங்க" என்று அன்பாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. திரும்பி வந்த கதை இலங்கையில் உண்டு, அது கரையோரத்துக் கதை. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தார்கள், ஒளித்துவைக்கிறவனுக்கு மரண தண்டனை என்றார்கள். கல்யாணம் பதிய, காணி எழுத, உத்தியோகம் பெற அவர்களுடைய சபையில் பெயர் வேண்டும். சனம் பெயரைக் கொடுத்துவிட்டுச் செபமாலையை ஒளித்துவைத்தது. 1687 இல் கோவாவிலிருந்து கூலியாள் வேஷத்தில் வந்த கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, எந்த முகம் மாறுகிறதென்று பார்த்துக் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு கண்டிக்கு ஏறி வந்து 1711 இல் அங்கேயே இறந்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கினார். 1806 இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கியதும், ஒல்லாந்தர் பதிவேட்டில் இருந்த பெயர்கள் ஆவியாகப் போய்விட்டன. அவர்கள் திரும்பியவர்கள். என் கொள்ளுத்தாத்தா மாரியம்மன் கோயிலிலிருந்து நேரே அங்கிலிக்கன் கோயிலுக்குப் போனவர். எனக்குத் தாய்வீடு பதிவேட்டில் என் பெயரை வெட்டாமல் வைத்திருக்கிற அந்தக் கோயில்தான். இது நானாகத் தேடிப்போன வீடு.

இப்போது வீட்டில் வேறு பேச்சு. தம்பி மகளுக்குத் தலவாக்கலையில் கத்தோலிக்க மாப்பிள்ளை. "அத்தை, நானும் மாறணுமா?" என்று கேட்டாள். மாற வேண்டியதில்லை. கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி எடுத்தால் போதும். என் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும். அவளிடம் வாக்குக் கேட்பதில்லை, அவன் கொடுத்த வாக்கு அவளுக்குத் தெரிந்திருந்தால் சரி. கல்யாணத்துக்காக மாறாதே, மாறுவதானால் பிள்ளை குட்டி பெற்ற பிறகு ஆற அமர யோசி என்றேன்.

தம்பிக்கு இருந்த கவலை அவனுடைய பாஸ்டரைப் பற்றியது. பங்குத்தந்தை அழைத்தால் அவர் வேதம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், மணமக்களை ஆசீர்வதிக்கலாம். சம்மதத்தை மட்டும் ஒருவர்தான், ஒரு தடவைதான் கேட்க வேண்டும். அங்கே ஒரு தடவை இங்கே ஒரு தடவை என்று கேட்பதைச் சட்டம் தடுக்கிறது. இதைச் சொன்னதும் தம்பி, "அப்ப அவரு எவ்வளவு நேரம் ஜெபிக்கலாம்?" என்றான். அதற்குச் சட்டத்தில் ஒன்றும் எழுதியில்லை. பங்குத்தந்தையும் பாஸ்டரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.